மூத்தாள் பிள்ளைக்கு மேற்குத் திசை

அமெரிக்க எல்லைப்புறக் குடும்பங்களின் பெருமையை அவரவர் வீட்டார் வாயால் கேட்க வேண்டும். கொள்ளுத்தாத்தா ஒரு கையில் கோடாரி, மறு கையில் துப்பாக்கியோடு காட்டைப் பிளந்துகொண்டு மேற்கே நடந்தார் என்பார்கள். சுதந்திர தாகம், வீரம், ஆண்டவன் அழைப்பு எல்லாம் அதில் வரும். அதே கொள்ளுத்தாத்தாவின் அப்பா எழுதிய உயிலைக் கோர்ட் கட்டிலிருந்து உருவிப் படித்தால் தாகம் தணிந்துவிடும். வீடும் வயலும் யார் பெயருக்கு எழுதப்பட்டதோ அவன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பட்டை நாமம் போடப்பட்டவன்தான் மூட்டையைக் கட்டினான்.

சந்தேகம் இருந்தால் லிங்கன் குடும்பத்தைப் பாருங்கள். ஆமாம், அந்த லிங்கன்தான். மரக்குடிசையில் பிறந்து ஜனாதிபதியானவர். மரக்குடிசை எல்லோருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவரின் பேரன் ஏன் மரக்குடிசையில் பிறந்தான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

லிங்கனுக்கே தன் வம்சம் சரியாகத் தெரியாது. 1859இல், தேர்தல் வேலைக்காக நண்பர் ஒருவர் வாழ்க்கைக் குறிப்பு கேட்டபோது, மிகச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். தாத்தா வெர்ஜீனியாவிலிருந்து கென்டக்கி போனார், அதற்கு முன்னால் பென்சில்வேனியா, அவர்கள் குவேக்கர் மதத்தார் என்பதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. நியூ இங்கிலாந்தில் இருக்கும் லிங்கன்களோடு உறவு கண்டுபிடிக்கப் பார்த்தார்களாம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பெயர்கள் என்பதற்குமேல் ஒன்றும் தேறவில்லையாம். ஊரார் நிலத் தகராறுகளுக்கெல்லாம் வாதாடிய வக்கீல், தன் வீட்டு மூலப்பத்திரத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குமேல் கழித்து, 1887இல் சாமுவேல் ஷாக்ஃபோர்டு என்பவரும், 1909இல் லீ, ஹட்சின்சன் என்ற இருவரும் உயில், கிரயப் பத்திரம், சர்வேக் குறிப்பு எல்லாவற்றையும் தூசு தட்டி வம்சத்தைக் கோத்தார்கள். கோத்துப் பார்த்தால் அது வம்சாவளியாக இல்லை, பாகப்பிரிவினைப் புகார்ப் பட்டியலாக இருந்தது.

ஆரம்பம் அமெரிக்காவில் இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி, ஸ்வான்டன் மார்லி என்ற கிராமம். அங்கே ரிச்சர்டு லிங்கன் என்று ஒரு பெரியவர். கோயில் தர்மகர்த்தா மாதிரி சர்ச் வார்டன் பதவி, நிலம், நீச்சு, நான்கு கல்யாணம். நான்கையும் ஒரே நேரத்தில் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக. முதல் மனைவியின் பிள்ளை எட்வர்டு. நியாயப்படி அவன்தான் வாரிசு. ஆனால் பெரியவர் உயில் எழுதும்போது பக்கத்தில் இருந்தது நான்காவது மனைவி. மூத்தாள் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டாள், அவள் வந்து வாதாட முடியாது. சொத்து நான்காம் தாரத்துப் பிள்ளைகளுக்குப் போயிற்று. 1620வாக்கில் பெரியவரும் கண்ணை மூடினார். அவர் கட்டியதாகச் சொல்லப்படும் வீடு பிற்காலத்தில் ‘ஏஞ்சல்’ என்ற பெயரில் மதுக்கடையானது. எட்வர்டுக்குக் கிடைக்காதது ஊர்க் குடிகாரர்களுக்குக் கிடைத்தது.

எட்வர்டு பக்கத்து ஊரான ஹிங்ஹமில் ஒண்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார். அவருடைய பிள்ளைகள் தாமஸ், டேனியல், சாமுவேல் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். நிலம் இருந்திருந்தால் ஏன் ஏறப்போகிறார்கள்? சாமுவேலை ஒரு நெசவாளரிடம் வேலை பழக விட்டிருந்தார்கள். 1637இல் எஜமானரோடு சேர்ந்து அவனும் மாசசூசெட்ஸ் புறப்பட்டான். கப்பல் பதிவில் வயது 18. ஊர்க் கோயில் ஞானஸ்நானப் பதிவிலோ 1622 ஆகஸ்ட். அதை வைத்துக் கணக்குப் போட்டால் பையனுக்கு 15 நிரம்பவில்லை. அமெரிக்க லிங்கன் வம்சத்தின் முதல் ஆவணத்திலேயே ஒரு வயதுப் புளுகு. பேரனுக்குப் பேரன் வழியில் வந்தவர் ‘நேர்மையான ஏப்’ என்று பெயர் வாங்கினார் என்றால், ரத்தம் ஓட ஓடச் சுத்தமாகும் போலிருக்கிறது.

போய் இறங்கிய ஊருக்கும் ஹிங்ஹம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சின்ன ஊரில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் மட்டும் நான்கு பேர். மாவு மில் தாமஸ், நெசவு தாமஸ், பீப்பாய் தாமஸ், விவசாயி தாமஸ் என்று தொழிலை ஒட்டவைத்துத்தான் எழுத்தர்கள் சமாளித்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. எந்த தாமஸின் உயில் எந்த தாமஸுடையது என்று பிரித்தெடுப்பதற்குள் கண்ணாடி எண் கூடிவிடும்.

சாமுவேலின் மகன் மொர்தெகாய். அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் குடும்பம் அதை விடவே விடாது. இவர் கொல்லர். பக்கத்து ஊர் சிட்டுவேட்டில் இரும்பு உருக்கும் பட்டறை போட்டு நன்றாகச் சம்பாதித்தார். 1727இல் உயில் எழுதினார். நிலபுலன்கள் கூடவே இருந்த இளைய பிள்ளைகளுக்கு. மூத்தவன் மொர்தெகாய்க்கு 110 பவுண்டு, அடுத்தவன் ஆபிரகாமுக்கு 60 பவுண்டு. ஏற்கெனவே செய்தது போக இது, என்று ஒரு வாசகம் வேறு. அப்பாக்களின் உயிலில் இதைவிட நெருடலான வாசகம் கிடையாது. ‘உனக்கு நான் எவ்வளவு செய்திருக்கிறேன் தெரியுமா’ என்பதைச் சட்ட மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். அந்த இரண்டு பேரும் உயிலுக்கு வெகு முன்பே நிலைமையைப் புரிந்துகொண்டு நியூஜெர்ஸிக்கு நடையைக் கட்டியிருந்தார்கள்.

இளைய மொர்தெகாய் கெட்டிக்காரர். நியூஜெர்ஸியில் ஹன்னா சால்ட்டர் என்ற பெரிய வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். பெரிய வீடு என்று எப்படித் தெரியும்? ஹன்னாவின் தாய்மாமன் கேப்டன் ஜான் பௌன் 1714இல் எழுதிய உயிலில், மருமகள் ஹன்னா லிங்கனுக்கு 250 பவுண்டு. மாமன் சீர் என்றால் இது மாமன் சீர். அவள் லிங்கன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் கையில் சிக்கிய நல்ல சாட்சியும் இந்தக் காசுதான். பெண்களின் பெயர் ஆவணத்தில் ஏற வேண்டுமென்றால் யாராவது செத்து அவர்களுக்குப் பணம் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து நடைமுறை அது.

மொர்தெகாய் அங்கிருந்து பென்சில்வேனியா போனார், இரும்பு உலையில் பங்கு வாங்கினார், அதை 1725இல் 500 பவுண்டுக்கு விற்றார், அமிட்டி என்ற இடத்தில் ஆயிரம் ஏக்கர் பிடித்து வீடு கட்டினார். 1733இல் கட்டிய அந்த வீடு இன்றும் நிற்கிறது. இதற்கிடையில் ஹன்னா இறந்துபோக, மேரி என்பவரை இரண்டாம் தாரமாகக் கட்டியிருந்தார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

1736 பிப்ரவரியில், ஐம்பது வயதுகூட ஆகாத நிலையில், உயில் எழுதினார். அமிட்டி நிலம் மேரியின் பிள்ளைகள் மொர்தெகாய்க்கும் தாமஸுக்கும். மேரி அப்போது கர்ப்பம். பிறப்பது ஆணாக இருந்தால் நிலத்தை மூன்று பங்காக்க வேண்டும் என்று வயிற்றில் இருந்த சிசுவுக்கும் ஒரு பங்கு. சரி, ஹன்னா பெற்ற ஒரே பையன், தலைச்சன், ஜான்? அவனுக்கு நியூஜெர்ஸியில் விட்டுவிட்டு வந்த 300 ஏக்கர். கண்காணாத இடத்தில் கிடக்கும் நிலம். பிறக்காத குழந்தைக்கு வீட்டு வாசலில் வயல், இருபது வயதுப் பையனுக்கு அசலூரில் காடு. இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு முன் நடந்த அதே நாடகம். பாத்திரங்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள், அதுவும் பாதிப் பெயர்களைத்தான்.

அந்த வயிற்றுப் பிள்ளை ஆணாகவே பிறந்து, ஆபிரகாம் என்று பெயர் வாங்கி, பங்கையும் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆன் பூனைக் கட்டிக்கொண்டு சொகுசாக அதே ஊரில் வாழ்ந்தான். காட்டு நாயகன் டேனியல் பூன் இருக்கிறாரே, அவருடைய பெரியப்பா சித்தப்பா வழித் தங்கை முறை அந்தப் பெண். குவேக்கர் வீட்டுப் பெண் வேறு சபைக்காரனைக் கட்டியதற்குச் சபை அவளைக் கண்டித்தது. ஜனாதிபதி லிங்கனின் ‘நாங்கள் குவேக்கர்கள்’ கதைக்கு விதை இந்தக் கல்யாணம்தான் போலிருக்கிறது. கடைசியில் பார்த்தால் குவேக்கர் அந்தப் பெண், அவளும் பங்காளி வீட்டு மருமகள்.

ஜான் என்ன செய்தான்? நெசவு செய்தான். 1748இல், பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுன்ட்டியில் இருக்கும் நெசவாளி ஜான் லிங்கன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, அந்த நியூஜெர்ஸி 300 ஏக்கரை விற்றான். இந்த ஒரு கிரயப் பத்திரம்தான் முழுக் கதைக்கும் ஆணி. உயிலில் 300 ஏக்கர் பெற்ற மகன் ஜானும், பின்னால் வெர்ஜீனியாவுக்குப் போன ஜானும் ஒருவன்தான் என்பது இதில் பிடிபட்டது. அங்கிருந்து பின்னோக்கி நூலைப் பிடித்தால் சிட்டுவேட் கொல்லர், ஹிங்ஹம் நெசவாளி, நான்கு பெண்டாட்டிக்காரர் வரை போய்விடலாம். ஜனாதிபதி தேடிக் கிடைக்காமல் விட்ட கண்ணி, அப்பன் ஓரவஞ்சனையாகத் தள்ளிவிட்ட ஒரு துண்டு நிலத்தின் விற்பனையில் மாட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் சமமாகக் கொடுத்திருந்தால் இந்தத் தடயமே இருந்திருக்காது. வம்ச ஆராய்ச்சியாளர்கள் கெட்ட தகப்பன்களுக்குச் சிலை வைக்கலாம்.

1768இல் ஜான் வெர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில், லின்வில் ஓடைக்கரையில் நிலம் வாங்கிக் குடியேறினார். பட்ட பாடு புத்தியில் இருந்தது போலும். ஆபிரகாம், ஐசக், ஜேக்கப் என்று வேதாகம வரிசை தவறாமல் பெயர் வைத்த பிள்ளைகளில், மூத்தவன் ஆபிரகாமுக்கு உயிரோடு இருக்கும்போதே 210 ஏக்கர் எழுதிக் கொடுத்தார். மூன்று தலைமுறையில் அப்பா கையால் உருப்படியாக நிலம் வாங்கிய முதல் மூத்த பிள்ளை. அவன் உட்கார்ந்து அனுபவித்திருக்க வேண்டாமா?

அனுபவிக்கவில்லை. இந்த இடத்தில் என் சூத்திரம் கொஞ்சம் ஆடுகிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நிலம் கிடைத்தவனுக்கு இன்னும் நிலம் வேண்டும் என்ற நோயும் உண்டு. கேப்டன் ஆபிரகாம் லிங்கன் 1780இல் தன் 250 ஏக்கரை 5,000 பவுண்டுக்கு விற்றார். கேட்க மலைப்பாக இருக்கும். அது சுதந்திரப் போர்க்காலத்துக் காகிதப் பணம், சாக்கில் கொண்டுபோய்ப் பையில் அரிசி வாங்குகிற கதை. விற்பனைக்கு மனைவி பாத்ஷீபாவின் சம்மதமும் வேண்டும். கணவன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அவளுக்குச் சட்டப்படி உரிமை. புருஷன் மிரட்டிக் கையெழுத்து வாங்கவில்லையே என்று அவளைத் தனியாக அழைத்து விசாரித்த பிறகுதான் பத்திரம் செல்லும். நாலு சுவருக்குள் அவள் என்ன சொன்னாளோ, பத்திரம் செல்லுபடியாயிற்று.

அதே வருஷம் மார்ச் மாதம், கென்டக்கியில் 400 ஏக்கருக்கு 160 பவுண்டு கட்டி அரசாங்க வாரன்ட் வாங்கினார். கென்டக்கி அப்போது வெர்ஜீனியாவின் ஒரு பகுதி. வாரன்ட் என்றால் பட்டா இல்லை. எங்கேயாவது போய், யாரும் பிடிக்காத இடமாகப் பார்த்து, அளந்து, திரும்பி வந்து பதிவு செய்துகொள் என்று ஒரு சீட்டு. அரசாங்கம் முன்கூட்டி ஒரு அங்குலம்கூட அளக்கவில்லை. எல்லைக்கு அடையாளம் என்ன? ஒரு வெள்ளை ஓக் மரம், அங்கிருந்து இத்தனை சங்கிலி தூரத்தில் ஒரு சர்க்கரை மேப்பிள், அப்புறம் ஓடை திரும்பும் முனை. மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. ஒரே நிலத்தை மூன்று பேர் அளந்து மூன்று பேரும் பதிவு செய்தார்கள். கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த உரிமைகள். கென்டக்கி வக்கீல்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டது இந்த ஓடுகளைத்தான்.

இத்தனை வாரன்ட், இத்தனை சர்வே, இத்தனை பத்திரம். அந்த மண்ணில் காலங்காலமாக வேட்டையாடி வந்த ஷாவ்னி முதலான பூர்வகுடிகளிடம் இருந்து எந்த விற்பவரின் கையெழுத்தையும் இந்தக் குடும்பத்தின் கட்டில் தேட வேண்டாம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் முதல் பதிவிலேயே வில்லங்கம்.

லாங் ரன் என்ற ஓடைக்கரை நிலத்தை 1785 மே 7 அன்று அளந்தார்கள். அந்த சர்வேக் குறிப்பில் நிலக்காரர் பெயர் ஆபிரகாம் லிங்க்ஹார்ன். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். மரத்தில் குறி வெட்டியவர் என்று அதே ஆள் பெயர் மறுபடியும் வருகிறது, தன் நிலத்தை அளக்கும்போது தானே நின்று கொத்தியிருக்கிறார். இந்தக் குறிப்பு கையில் கிடைத்தது பெரிய உபகாரம். தாத்தா 1784இல் கொல்லப்பட்டார் என்று ஜனாதிபதி லிங்கன் எழுதியிருந்தார். செத்தவர் அடுத்த வருஷம் எழுந்துவந்து மரம் வெட்டியிருக்க முடியாது அல்லவா? அவர் இறந்தது 1786 மே மாதம்.

வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர் மீது காட்டு ஓரத்திலிருந்து குண்டு பாய்ந்தது. கூட மூன்று பையன்கள். நடுவுலவன் ஜோசையா உதவி கேட்டு அருகில் இருந்த காவல் குடியிருப்புக்கு ஓடினான். மூத்தவன் மொர்தெகாய் குடிசைக்குள் பாய்ந்து துப்பாக்கியை எடுத்தான். கடைக்குட்டி தாமஸ் அப்பாவின் உடலருகிலேயே நின்றான். அவனைத் தூக்க வந்த பூர்வகுடி வீரனின் மார்பில் தொங்கிய பதக்கத்தைக் குறிவைத்து மொர்தெகாய் சுட்டு வீழ்த்தினான். தாமஸ் பின்னால் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மகனுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. தம்பியைக் காப்பாற்றிய அண்ணன். கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் கேப்டன் உயில் எழுதவில்லை.

நாற்பத்திரண்டு வயது, சாவு வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும். அசையும் சொத்துகளுக்கு மதிப்புப் போட ஆட்கள் வந்தார்கள். நெல்சன் கவுன்ட்டி கோர்ட்டில் அந்தப் பட்டியல் இருக்கிறது. செம்பழுப்புக் குதிரை 8 பவுண்டு. கறுப்புக் குதிரை 9 பவுண்டு 10 ஷில்லிங். கன்றோடு பசுக்கள் மூன்று. ஒரு டஜன் ஈயத்தட்டு 1 பவுண்டு 10 ஷில்லிங். தோல் பதனிடும் கத்தி, துளைபோடும் கருவிகள், கைரம்பம், இஸ்திரிப் பெட்டி. ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி 1 ஷில்லிங் 6 பென்ஸ். துப்பாக்கி மூன்று, அதில் ஒன்று பழசு, 10 ஷில்லிங். இறகு மெத்தை இரண்டு, ஒன்று 5 பவுண்டு 10 ஷில்லிங், மற்றது 8 பவுண்டு 5 ஷில்லிங். கவனியுங்கள், நல்ல மெத்தை செம்பழுப்புக் குதிரையைவிட விலை கூட. வான்கோழி இறகு திணித்த மூன்றாவது மெத்தைக்கு மட்டும் 1 பவுண்டு 10 ஷில்லிங். அதில் யார் படுத்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன், கடைக்குட்டிதான் என்று தோன்றுகிறது. மொத்தம் 68 பவுண்டு 16 ஷில்லிங் 6 பென்ஸ்.

நிலம் இந்தப் பட்டியலில் வராது. நிலம்தான் உண்மையான சொத்து. பல இடங்களிலுமாக அவர் உரிமை கொண்டாடியது 5,544 ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

உயில் இல்லாவிட்டால் சட்டம் பேசும். வெர்ஜீனியா சட்டம் பேசியது இங்கிலாந்து பாஷை: நிலம் முழுவதும் மூத்த ஆண் பிள்ளைக்கு. தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வாய்க்கரிசிகூடக் கிடையாது. அண்ணன் எப்போது சாவான், திண்ணை எப்போது காலியாகும் என்று காத்திருக்க வேண்டியதுதான். இந்த அநியாயத்தை ஒழிக்கத் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மசோதாவைச் சட்டசபை 1785இலேயே நிறைவேற்றிவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு, பெண்கள் உள்பட. அமலுக்கு வரும் நாள்: 1787 ஜனவரி 1. கேப்டன் செத்தது 1786 மே. இன்னும் எட்டே மாதம் மூச்சைப் பிடித்திருந்தால் ஐந்து பிள்ளைகளில் ஒருவனான தாமஸுக்கு, அம்மாவின் பங்கு ஒருபுறம் இருக்க, ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் சேர்ந்திருக்கும். தள்ளி வைத்தவர்கள் சட்டசபைக்காரர்கள், தள்ளிப் போடாமல் செத்தவர் கேப்டன், நடுவில் மாட்டியவன் எட்டு வயதுப் பையன்.

மொர்தெகாய் வயது வந்ததும் நிலத்தை எடுத்துக்கொண்டார். நன்றாகவே வாழ்ந்தார். வாஷிங்டன் கவுன்ட்டியில் ஷெரிஃப் வேலை, பந்தயக் குதிரைகள், ஊரில் மரியாதை. குடும்பத்தின் மூளை மொத்தத்தையும் பெரியப்பா மொர்தெகாய் சுருட்டிக்கொண்டு போய்விட்டார் என்று ஜனாதிபதி லிங்கன் சிரித்துக்கொண்டே சொல்வாராம். மூளையை மட்டுமா?

தாமஸ் கூலி வேலைக்குப் போனான். ஒரு வருஷம் டென்னசியில், வட்டாகா ஆற்றங்கரையில் சித்தப்பா ஐசக்கிடம் சம்பளத்துக்கு உழைத்தான். சித்தப்பா பண்ணையில் அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளுக்குப் பக்கத்தில் நின்று அண்ணன் மகன் கூலிக்கு மண் வெட்டினான். வெர்ஜீனியாவில் தங்கிவிட்ட இன்னொரு சித்தப்பா ஜேக்கப்பும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆக, பின்னாளில் அடிமைகளை விடுவித்தவரின் பங்காளி வீடுகளில், மாடு கன்றோடு சேர்த்து மனிதர்களும் சொத்து. வம்சத்தைத் தோண்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுவார்கள்.

தாமஸ் தச்சுவேலை கற்று, காசு சேர்த்து, 1803இல் மில் க்ரீக்கில் 118 பவுண்டுக்கு 238 ஏக்கர் வாங்கினார். 1814இல் விற்கும்போது 200 ஏக்கர், 100 பவுண்டு. நடுவில் 38 ஏக்கர் எங்கே போயிற்று? அளந்தவர் தப்பாக அளந்திருந்தார். 1808இல் சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையை 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார். மரக்குடிசை இங்கேதான், மகன் பிறந்ததும் இங்கேதான். பழைய பாக்கி ஒன்றைக் கிளப்பி ஒருவர் வழக்குப் போட, பண்ணை கையைவிட்டுப் போனது. மூன்றாவது, நாப் க்ரீக். அங்கே பிலடெல்பியாவில் இருந்த யாரோ ஒருவரின் வாரிசுகள், இது எங்கள் தகப்பனார் நிலம், காலி செய் என்று தாமஸ் மீதும் அக்கம்பக்கத்தார் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். முதலில் நிலத்தின் அளவு போனது, பிறகு பத்திரம் போனது, இப்போது குடியிருப்பே ஆட்டம் கண்டது. இந்த மூன்றாவது நிலத்து வழக்கில் தாமஸ் தரப்பு கடைசியில் ஜெயித்தது, 1818இல். தீர்ப்பைக் கேட்கத் தாமஸ் அங்கே இல்லை. 1816 டிசம்பரிலேயே நொந்து நூலாகி இண்டியானாவுக்குப் போய்விட்டார். அங்கே அரசாங்கமே நேர்கோடு போட்டு அளந்து விற்றது, மரத்தை நம்ப வேண்டியதில்லை. அடிமை முறை பிடிக்காதது ஒரு பாதிக் காரணம், நிலப் பத்திரத் தொல்லைதான் பெரிய காரணம் என்று மகனே பின்னால் எழுதினார்.

அந்த மகன் வக்கீலானதை விதி என்று சிலர் சொல்வார்கள். அவனவனுக்கு வேண்டியதை அவனவன் படிக்கிறான், அவ்வளவுதான்.

1841இல் லிங்கன் தன் அப்பாவிடமிருந்து 40 ஏக்கரை 200 டாலருக்கு வாங்கினார். அப்பாவும் சிற்றன்னை சாராவும் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம் என்று பத்திரத்தில் ஷரத்து. பணம் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, நிலம் வேறு எவன் கையிலும் போகாத மாதிரியும் ஆயிற்று. கென்டக்கியில் அப்பா பட்டதைப் பார்த்தவர் எழுதிய பத்திரம் என்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. 1851இல் தாமஸ் இறந்தார். உடனே சாராவின் மகன் ஜான் ஜான்ஸ்டன், நிலத்தை விற்றுவிட்டு மிசூரிக்குப் போகப்போவதாகக் கிளம்பினான். மேற்கே, வேறெங்கே.

லிங்கன் நவம்பரில் அவனுக்கு எழுதிய கடிதங்கள் இந்தக் குடும்பத்து ஆவணங்களிலேயே சுவையானவை. மிசூரியில் மண் என்ன தங்கமா, அங்கே உழைக்காமல் சோளம் விளையுமா, இங்கே செய்யாத வேலையை அங்கே போய்ச் செய்யப்போகிறாயா என்ற ரீதியில் வாங்கு வாங்கென்று வாங்குகிறார். கிழக்கு ஓரத்து 40 ஏக்கரை அம்மா இருக்கும்வரை தொடவிடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். சாமுவேலில் தொடங்கி ஆறு தலைமுறை மூட்டை தூக்கிய வீட்டில், பேசாமல் இருக்கிற இடத்தில் இரு என்று ஒருவர் எழுதிவைத்தது இதுதான். எழுதியவர் ரத்தத்தில் லிங்கன், திட்டு வாங்கியவன் இல்லை என்பது வேறு விஷயம்.

இத்தனை விவரம் தெரிந்த மனிதர், தன் உயிலை மட்டும் எழுதவில்லை.

1865 ஏப்ரலில் சுடப்பட்டபோது உயில் கிடையாது. தாத்தாவும் உயில் இல்லாமல் குண்டுக்கு இரையானார், பேரனும் அப்படியே. இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் சட்டம் மாறியிருந்தது, அது நல்லதாகப் போயிற்று. பழைய வெர்ஜீனியா வழக்கமாக இருந்தால் நிலம் முழுக்க மூத்தவன் ராபர்ட் எடுத்துக்கொள்ள, 12 வயது டாட் தச்சுப் பட்டறை தேடியிருப்பான். உச்ச நீதிமன்ற நீதிபதியும் பழைய நண்பருமான டேவிட் டேவிஸ் சொத்தை நிர்வகித்தார். கடன் பாக்கி தீர்த்து, பத்திரங்களின் வட்டி சேர்த்து, 1867இல் சுமார் 1,10,000 டாலரை லிங்கனின் மனைவி மேரி, மகன்கள் ராபர்ட், டாட் மூவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். அடுத்த வருஷமே மேரி டாடை அழைத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ராபர்ட் சிகாகோவில் வக்கீல்.

டேவிஸ் தன் வேலைக்குச் சட்டப்படி பல ஆயிரம் டாலர் கட்டணம் எடுத்திருக்கலாம். ஒரு காசு எடுக்கவில்லை. நான்கு பெண்டாட்டிக்காரர் காலத்திலிருந்து கணக்கெடுத்தால், இந்த வீட்டில் யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் முடிந்த பாகப்பிரிவினை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.